மூன்று கதவு தாண்டி வரும் காசு

சென்ற இதழில் சீட்டுப் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். சீட்டில் ஆயிரம் சண்டை வந்தாலும் ஒரு விசயம் வெளிச்சமாக இருக்கும். இத்தனை பேர், இத்தனை மாதம், இவ்வளவு காசு. தாச்சி எடுப்பது எவ்வளவு, கழிவு போவது எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். போட்ட காசு எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். பதில் சொல்லாமல் ஓடினவர்களும் உண்டுதான், அது வேறு கதை!

இம்முறை அதற்கு நேர்மாறான ஓர் இடத்தைப் பார்ப்போம். அங்கே எங்கள் காசு என்ன கணக்கில் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. வென்ற காசு மூன்று கதவு தாண்டித்தான் கைக்கு வரும். நாட்டுச் சட்டமோ அந்த விளையாட்டில் காசுப் பரிசே கிடையாது என்கிறது. இடம் யப்பான். விளையாட்டின் பெயர் பச்சிங்கோ.

யப்பானின் நகரங்களில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் ஒரு பச்சிங்கோக் கடை கண்ணில் படும். கதவு திறக்கும்போது தகரக் கூரையில் கல்மழை கொட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். உள்ளே நூற்றுக்கணக்கான மெசின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. பார்த்தால் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலை லைன் மாதிரித்தான் இருக்கும். ஒரு வித்தியாசம், இங்கே மெசினுக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கவேண்டும்.

குண்டு வாடகைக்கு

பச்சிங்கோ மெசின் என்பது நிமிர்த்தி வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பலகை முழுக்கச் சின்னச் சின்னப் பித்தளை ஆணிகள். வலது கைப் பக்கத்தில் ஒரு திருகுபிடி. அதைத் திருகினால் 11 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே பாய்ந்து, ஆணிகளில் பட்டுத் தெறித்துக் கீழே வரும். நிமிடத்துக்கு 100 குண்டு வரை போகும். பெரும்பாலானவை அடியிலுள்ள ஓட்டைக்குள் விழுந்து மறைந்துவிடும். சில மட்டும் நடுவிலே உள்ள ஒரு சின்ன வாய்க்குள் விழும். விளையாட்டு முழுவதும் அந்த வாய்க்குள்தான் இருக்கிறது.

இந்தக் குண்டுகளை விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறார்கள். கடையின் அடையாளம் அவற்றில் பொறித்திருக்கும். வெளியே கொண்டுபோகக் கூடாது. வழக்கமான வாடகை ஒரு குண்டுக்கு 4 யென். 1,000 யென் தாளைப் போட்டால் 250 குண்டு. சனத்தின் கையில் காசு குறைந்த பிறகு 1 யென் குண்டுக் கடைகளும் பெருகின.

நடுவாய்க்குள் ஒரு குண்டு விழுந்ததும் திரையில் மூன்று இலக்கங்கள் சுழலும். இரண்டு இலக்கம் ஒன்றாக நின்றுவிடும். மூன்றாவது மெல்ல மெல்ல வரும். பாட்டு, வெளிச்சம், பொம்மைப் படம், நெஞ்சு படபடக்கும். ஆனால் வெற்றியா தோல்வியா என்பது இதற்கெல்லாம் முன்னரே முடிந்த விசயம். குண்டு வாய்க்குள் விழுந்த அந்தக் கணத்தில் உள்ளேயிருக்கும் கணினி ஓர் எண்ணை எடுத்துவிட்டது. பரவலான ஒரு வகை மெசினில் 65,536 எண்கள் இருக்க, அவற்றில் 205 எண்கள்தான் வெல்லும். அதாவது ஏறக்குறைய 319 தரத்துக்கு ஒருதரம். திரையில் நடப்பது முடிந்துபோன தீர்ப்பை வாசிக்க முன்னர் போடும் நாடகம். 'மயிரிழையில் தப்பிவிட்டது' என்று தோன்றுவதெல்லாம் அப்படித் தோன்றவேண்டும் என்று செய்துவைத்ததே.

வென்றால் கீழே ஒரு பெரிய கதவு திறக்கும். 10 குண்டு அளவில் அதற்குள் விழும்வரை திறந்திருக்கும். விழும் ஒவ்வொரு குண்டுக்கும் 15 குண்டு வரை திரும்ப வரும். இப்படிப் பத்துத்தரம் திறந்தால் 1,500 குண்டு. 2018 பெப்ரவரியில் விதியை இறுக்கியபோது ஒரு பெரிய வெற்றிக்கு இதுதான் உச்சம் என்று வைத்தார்கள். அதற்கு முன்னர் 2,400 வரை போகலாம். 4 யென் கணக்கில் பார்த்தால் 1,500 குண்டின் பெறுமதி 6,000 யென். ஒரு வெற்றிக்குப் பிறகு சில நேரம் வெல்லும் வாய்ப்பு மிகக் கூடும். அப்போது வெற்றிமேல் வெற்றி வரும். அந்த நேரத்தைத் தேடித்தான் சனம் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறது.

தங்கத் துண்டும் சின்ன யன்னலும்

சரி, குண்டு சேர்ந்துவிட்டது. இனி என்ன?

யப்பானின் குற்றவியல் சட்டம் 1907ஆம் ஆண்டினுடையது. அது சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. குதிரை ஓட்டம், படகோட்டம், சைக்கிள் ஓட்டம், மோட்டார் சைக்கிள் ஓட்டம், லொத்தர் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டம் போட்டு அரசும் உள்ளூராட்சிகளும் தாங்களே நடத்துகின்றன. பச்சிங்கோ அந்தப் பட்டியலில் இல்லை. களியாட்டக் கடைகளை ஒழுங்குபடுத்தும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது வருகிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் இது 'விளையாட்டு'. பரிசு கொடுக்கலாம். ஆனால் காசாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்த பரிசைக் கடையே திரும்ப வாங்கவும் கூடாது. ஒரு பரிசின் பெறுமதி சுமார் 10,000 யெனுக்கு மேலே போகவும் கூடாது.

எனவே குண்டுகளை எண்ணி ஒரு துண்டு தருவார்கள். அதைக் கடைக்குள் இருக்கும் பரிசு மேசையில் கொடுத்தால் சொக்லேற், சிகரட், சவர்க்காரம், தேயிலை என்று எதையும் எடுக்கலாம். அது முதல் கதவு. ஆனால் வென்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் கேட்பது 'விசேட பரிசு'. டோக்கியோவில் அது பிளாஸ்ரிக் உறைக்குள் அடைத்த ஒரு சின்னத் தங்கத் துண்டு. பெறுமதிக்கு ஏற்ப அளவு வேறு. மற்ற இடங்களில் வேறு ஏதாவது சாமான். யாருக்கும் வீட்டில் உதவாத பொருள்.

அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பக்கத்து ஒழுங்கையிலோ கட்டடத்தின் பின்பக்கத்திலோ ஒரு சின்ன யன்னல் இருக்கும். உள்ளே இருப்பவரின் முகம் சரியாகத் தெரியாது. கைதான் தெரியும். தங்கத் துண்டைத் தள்ளினால் காசு வரும். இது இரண்டாவது கதவு. இந்த யன்னல் வேறொருவரின் கடை. பச்சிங்கோக் கடைக்கும் இதற்கும் 'சம்பந்தம் இல்லை'. யன்னல் எங்கே என்று கடை ஊழியரிடம் கேட்டால் வாயால் சொல்லமாட்டார் என்பார்கள்.

யன்னல்காரர் வாங்கிய துண்டுகளை ஒரு மொத்த வியாபாரிக்கு விற்பார். மொத்த வியாபாரி அவற்றை மீண்டும் பச்சிங்கோக் கடைக்கு விற்பார். இது மூன்றாவது கதவு. அதே தங்கத் துண்டு மறுபடியும் பரிசு மேசைக்கு வந்துவிடும். இதைத்தான் 'மூன்று கடை முறை' என்கிறார்கள். கடை காசு கொடுக்கவில்லை, பரிசைத் திரும்ப வாங்கவும் இல்லை. எல்லாம் சட்டப்படி!

2016இல் யப்பான் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி எழுத்தில் கேட்டபோது, வாடிக்கையாளர் தமக்குக் கிடைத்த பரிசைக் கடைக்காரரல்லாத மூன்றாம் ஆளுக்கு விற்பதும் உண்டு என்று அறிகிறோம் என்ற பொருளில் அரசு பதில் கொடுத்தது. நாடே அறிந்ததை அரசும் அறியும். ஆனால் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளும் அளவு அவ்வளவுதான்.

விதவைகளுக்கு வேலை

இந்தச் சுற்றுவழி வெறும் களவுக்காக மட்டும் வந்தது என்று சொன்னால் அநியாயம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது யப்பானில் சாப்பாட்டுக்கும் சிகரட்டுக்கும் பெரும் தட்டுப்பாடு. பச்சிங்கோக் கடையில் வென்ற சிகரட்டைக் கடை வாசலிலேயே வாங்கக் கூட்டம் நின்றது. அதில் சண்டியர் கும்பல்கள் புகுந்துகொண்டன. குறைந்த விலைக்கு வாங்கி, கூடிய விலைக்குக் கடைக்கே திரும்ப விற்றன. இடையிலுள்ள இலாபம் அவர்களுக்கு.

1961இல் ஒசாகாவில் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். பரிசை வாங்கும் வேலையைச் சண்டியரிடமிருந்து எடுத்து, போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் உதவும் ஒரு நலன்புரி அமைப்பிடம் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கூலி, கும்பல்களுக்கு வருமானமில்லை. பொலிசுக்கும் தலையிடி குறைவு. அந்த முறைதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. நல்ல நோக்கத்துக்குத் திறந்த கதவுதான். பிறகு அந்தக் கதவால் என்ன போய்வருகிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வேறு கதவு இல்லாதவர்கள்

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். பச்சிங்கோக் கடை முதலாளிகளில் பெரும்பகுதியினர் யப்பானில் வாழும் கொரியர்கள். இது எங்களைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய கதை.

1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்தது. போர் முடிந்தபோது யப்பானில் ஏறக்குறைய 20 இலட்சம் கொரியர் இருந்தார்கள். பெரும்பாலானோர் ஊர் திரும்ப, சுமார் 6 இலட்சம் பேர் தங்கிவிட்டார்கள். 1952இல் அவர்களது யப்பானியக் குடியுரிமை போய்விட்டது. பிறந்ததே யப்பானில் என்றாலும் வெளிநாட்டவர். அரச வேலை இல்லை. பெரிய கம்பனிகள் எடுக்கமாட்டா. யப்பானியப் பெயரில் விண்ணப்பித்து ஹிட்டாச்சியில் வேலை கிடைத்த ஓர் இளைஞன், கொரியன் என்று தெரிந்ததும் அந்த வேலையை இழந்தான். அவன் வழக்குப் போட்டு 1974இல் யொக்கஹாமா நீதிமன்றத்தில் வென்றான். அது நடக்க அத்தனை வருடம் எடுத்தது.

இப்படிக் கதவெல்லாம் பூட்டியிருந்தவர்களுக்கு எஞ்சியது மற்றவர்கள் கைவைக்க விரும்பாத தொழில்கள். பழைய இரும்பு, இறைச்சிக் கடை, பச்சிங்கோ. இன்று நாட்டின் மிகப் பெரிய பச்சிங்கோ நிறுவனங்களில் ஒன்றான மருஹானைத் தொடங்கிய ஹான் சாங்-ஊ, கொரியாவிலிருந்து இளவயதில் வந்தவர். யப்பானில் பல்கலைக்கழகம் முடித்தும் வேலை கிடைக்காமல் உறவினரின் பச்சிங்கோக் கடையில் சேர்ந்தவர்.

அவர்களில் பலர் உழைத்து முன்னுக்கு வந்தார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். ஆனால் 'பச்சிங்கோக்காரன்' என்ற சொல் பின்னால் வந்துகொண்டே இருந்தது. அரைவாசிச் சட்டத்துக்குள் நிற்கும் தொழிலை வெளியாளுக்கு விட்டுவிட்டு, பிறகு அந்தத் தொழிலைக் காட்டியே அவனைக் குறைவாகப் பேசுவது. இந்தக் கணக்கு எங்களுக்குப் புதிதில்லை.

கரடிப் பொம்மை

பச்சிங்கோக் கடைக்குள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் போகக் கூடாது. பிள்ளைகள் போவது கொக்கி மெசின் உள்ள விளையாட்டுக் கூடங்களுக்கு. கண்ணாடிக்குள் பொம்மை கிடக்கும், மேலேயிருந்து இரும்புக் கை இறங்கி அள்ளும். 1985இல் செகா நிறுவனம் விட்ட 'யு.எஃப்.ஓ. கட்சர்' இதைப் பிரபலமாக்கியது. அங்கே பரிசைக் காசாக்கும் யன்னல் கிடையாது. பொம்மையின் சில்லறை விலை சுமார் 800 யெனுக்கு மேல் போகக் கூடாது என்றிருந்ததை 2022இல் சுமார் 1,000 யென் ஆக்கினார்கள்.

ஆனால் அந்த இரும்புக் கையின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைக் கடைக்காரர் திருகி வைக்கலாம். சில மெசின்கள் குறிப்பிட்ட அளவு காசு விழும்வரை தளர்வாகவே பிடிக்கும். பிள்ளை தன் கைத்திறமை போதாது என்று நினைத்து அடுத்த 100 யெனைப் போடும். பச்சிங்கோத் திரையில் நடக்கும் நாடகமும் இதுவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்.

இனிக் கணக்கு

சீட்டுக் கணக்குப் பார்த்த அதே கொப்பியை எடுப்போம்.

முதலாவது, கழிவு. 250 குண்டை 1,000 யெனுக்கு எடுக்கிறோம். திருப்பிக் கொடுக்கும்போது பல கடைகளில் அந்த விலை இல்லை. உதாரணத்துக்கு 28 குண்டுக்கு 100 யென் என்று வைப்போம். அப்படியானால் ஒரு குண்டுகூடச் சுடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 890 யென். விளையாடாமலே 100 யெனுக்கு மேல் போய்விட்டது! ஊரில் இப்படி ஒரு தாச்சி இருந்தால் வீட்டு வாசலில் சனம் கூடிவிடும்.

இரண்டாவது, நேரம். நிமிடத்துக்கு 100 குண்டு என்றால் 250 குண்டு இரண்டரை நிமிடம். இடையில் நிறுத்தி நிறுத்தி, சின்னப் பரிசுக் குண்டுகளும் வந்தால் இன்னும் சில நிமிடம் போகும். 2024இல் யப்பானின் சராசரிக் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 1,055 யென். ஒரு மணித்தியாலம் நின்று உழைத்ததை உட்கார்ந்து முடிக்கச் சில நிமிடம் போதும்.

மூன்றாவது, வாய்ப்பு. 319இல் ஒன்று என்றால் 319 தரம் சுற்றினால் நிச்சயம் ஒன்று விழும் என்று நினைக்கிறோம். இல்லை. 319 தரம் சுற்றியும் ஒன்றும் விழாதவர் நூறு பேரில் 36 பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். 1,000 தரம் சுற்றியும் ஒன்றும் விழாதவர் நூற்றுக்கு நாலு பேர். 1,000 யெனுக்கு 18 தரம் சுற்றும் என்று வைத்தால் அந்த நாலு பேரும் ஆளுக்கு 55,000 யெனுக்கு மேல் விட்டிருப்பார்கள். குறைந்தபட்சக் கூலியில் 50 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு. 'இவ்வளவு போட்டாச்சு, இனி விழத்தானே வேணும்' என்று மனம் சொல்லும். மெசினுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் அது புதிதாகத்தான் எண் எடுக்கிறது.

நாலாவது, யார் கையில் கொப்பி இருக்கிறது என்பது. மெசினை விற்க முன்னர் அரச அனுமதி பெற்ற ஓர் அமைப்பு சோதிக்கிறது. ஆணியைப் பிறகு வளைத்து வாயைச் சுருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் சோதனைக்குக் கொடுத்ததற்கும் கடையில் நின்றதற்கும் ஆணி ஒத்துப்போகாத மெசின்கள் பற்றிய பிரச்சினை வெடித்து, 2016இல் இலட்சக்கணக்கான மெசின்களை அகற்ற வேண்டியதாயிற்று. விளையாடுகிறவருக்கு இது ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிவது திரையும் பாட்டும்தான். 2023இலிருந்து குண்டு கைக்கே வராத மெசின்களும் வந்துவிட்டன. குண்டு உள்ளுக்குள்ளேயே சுற்றும், வெளியே வெறும் இலக்கம். முன்னர் பெட்டி பெட்டியாகக் குண்டு குறைவதையாவது கண்ணால் பார்க்கலாம்.

1995இல் யப்பானில் 18,000க்கு மேற்பட்ட பச்சிங்கோக் கடைகள் இருந்தன. 2023 முடிவில் ஏறக்குறைய 7,000 தான். இளம் ஆட்கள் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டார்கள். ஆனால் பாதிப்பு கடையோடு சேர்ந்து மூடுப்படுவதில்லை. 2017இல் அந்த நாட்டு ஆய்வொன்று, வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது சூதாட்ட அடிமைத்தனம் இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கத்தக்கவர்கள் வயதுவந்தோரில் 3.6 வீதம், அதாவது ஏறக்குறைய 32 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. அவர்கள் கூடக் காசு விட்டது பச்சிங்கோ வகையில்தான். தாய் தகப்பன் உள்ளே விளையாட, பூட்டிய காருக்குள் விட்ட பிள்ளைகள் வெக்கையில் இறந்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. கார் நிறுத்துமிடங்களைச் சுற்றிப் பார்க்கக் கடைகள் ஆள் வைக்கவேண்டி வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2018இல் சூதாட்ட அடிமைத்தனத்துக்கு எதிராக யப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் பச்சிங்கோவையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கடை திறக்கும்போது அது விளையாட்டு. குடும்பம் உடைந்த பிறகு அது சூதாட்டம்!

மூன்று கதவும் தங்கத் துண்டும் யப்பானுக்கு உரியவை. ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான். மெசின் தருவது பரிசில்லை. எங்களிடமும் பக்கத்துக் கதிரைக்காரரிடமும் வாங்கிய காசில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. நாங்கள் எழும்பிப் போகாமல் இருக்க எவ்வளவு தேவையோ, அவ்வளவு. ஒருவர் வென்ற அன்று ஊருக்கே சொல்லுவார். விட்ட நாட்களைச் சொல்லமாட்டார். அதனால் காதில் விழுவதெல்லாம் வெற்றிதான்.

நாங்கள் வாழும் நாடுகளிலும் மூலைக் கடைகளிலும் பார்களிலும் மின்னிக்கொண்டு நிற்கும் பெட்டிகள் இருக்கின்றன. சம்பளம் கிடைத்த கிழமையில் அதற்கு முன்னால் நிற்பவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. மொழி தெரியாத ஊர், தனிய ஓர் அறை, ஊரில் காசுக்குக் காத்திருக்கும் சனம். ஒரே அடியில் கடனை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் வருவதில் அதிசயமில்லை. அப்படி ஒருவரைத் தெரிந்தால் ஏச வேண்டாம். கூட இருந்து ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எத்தனை மணித்தியால வேலைக் காசு. வென்ற நாளை எழுதுவதுபோல விட்ட நாளையும் எழுதவேண்டும். சீட்டுக்குக் கொப்பி வைக்கிற எங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

அடுத்த இதழில் லொத்தர்ச் சீட்டைப் பார்ப்போம். அதில் அரசு எடுக்கும் பங்கு எவ்வளவு என்று கேட்டால் தாச்சியே வெட்கப்படுவார்.